இரண்டு தரம் காட்டிய மாடுகள்

அந்த அக்கா "நாங்கள்" என்று சொன்னால், அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. இறந்து நூற்றைம்பது ஆண்டு ஆன மாட்டு வியாபாரிகள் இருந்தார்கள். ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்துக் கிடந்த எருது ஓட்டிகள் இருந்தார்கள். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய ஒன்பது குடும்பங்கள் இருந்தன. நான் மட்டும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் மழைக்கு ஒதுங்கித்தான் அங்கே போனேன். மகளுக்கு அப்போது ஏழு மாதம். ஜெர்மனியின் வடக்கே, காற்றாலைகளும் புல்வெளியும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத சிறிய ஊர். கணவருக்குக் காற்றாலைக் கம்பெனியில் வேலை. எனக்குத் தள்ளுவண்டியைத் தள்ளும் வேலை. ஊர் அருங்காட்சியகத்தின் வாசலில் புதன்கிழமை இலவசம் என்று எழுதியிருந்தது. உள்ளே நீல மேலங்கி போட்ட ஒரு பெண், கண்ணாடிப் பெட்டி ஒன்றை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

"தமிழோ?" என்றார், திரும்பிப் பார்த்ததும்.

"ஆமாங்க."

"இந்தியாவோ? நல்லது. குஞ்சு நித்திரை என்ன? மெல்ல வாங்கோ, இதைப் பாருங்கோ பிள்ளை. இதுதான் நாங்கள் முதன்முதல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன மாடுகள்."

பெட்டிக்குள் ஒரு மரக் கப்பல். அதன் தளத்தில் விரல் நீள மரப் பசுக்கள். இவர் குடும்பம் யாழ்ப்பாணத்தில் மாட்டு வியாபாரம் செய்திருக்கும், அங்கிருந்து அமெரிக்கா போய், அது சரிப்படாமல் இங்கே வந்திருப்பார்கள் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். மரியாதைக்கு, "எந்த வருஷம் போனீங்க?" என்று கேட்டேன்.

"அது பிள்ளை, ரயில் வரமுந்தி."

கீழே இருந்த குறிப்பைப் படித்த பிறகுதான் விளங்கியது. போனவர்கள் இந்த ஊர் ஜெர்மன்காரர்கள். துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தவர் இவர்.

மாடுகள் இல்லையென்றால் அந்த ஊரே இல்லை. வடக்கே டென்மார்க் பக்கத்திலிருந்து எருதுகளை வாரக்கணக்கில் தெற்கே ஓட்டிவருவார்களாம். ஆற்றங்கரையில் படகுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவர்களுக்குச் சத்திரம் வந்தது, சத்திரத்தைச் சுற்றிச் சந்தை வந்தது, சந்தையைச் சுற்றி ஊர். சந்தைச் சதுக்கத்தின் சுவரில் மாடு கட்டிய இரும்பு வளையங்கள் இன்றும் இருக்கின்றன. பிறகு ஒரு கொள்ளை நோய் வந்து பட்டிகள் காலியாயின. மிஞ்சிய மாடுகளோடு ஒன்பது குடும்பங்கள் அமெரிக்காவின் நடுச் சமவெளிக்குப் போய், இதே பெயரில் ஒரு ஊரைத் தொடங்கினார்கள். இந்தத் தாய் ஊருக்கு அது மகள் ஊர்; அருங்காட்சியகத்தில் அதற்கென்று ஒரு தனி அறை.

அக்காவுக்கு மிகப் பிடித்தது அந்த அறைதான்.

"மரமே இல்லாத வெளி பிள்ளை. வீடு கட்ட ஒண்டும் இல்லை. புல்லுத் தரையைப் பாளம் பாளமா வெட்டி அடுக்கித்தான் சுவர் வைச்சனாங்கள். முதல் பனிக்கு மாடுகளை வீட்டுக்குள்ள விட்டிட்டு, நாங்கள் அதுகளுக்கு இடையில படுத்தனாங்கள். முதல் பிள்ளை அங்கதான் பிறந்தது, ரெண்டு பசுவுக்கு நடுவில."

அந்த ஊரின் வரைபடத்தை அவர் விரலால் காட்டுவார். சுற்றியுள்ள ஊர்களெல்லாம் கட்டம் போட்டதுபோல நேர் வீதிகள். இந்த ஊரின் பெரிய தெரு மட்டும் பாம்பு போல வளைந்து ஓடையை நோக்கிப் போகும்.

"நேர் றோட்டு இஞ்சினியர் போட்டது. இது நாங்கள் மாட்டுக்குப் பின்னால நடந்தது."

பத்தொன்பது வயதில் அகதியாக வந்தவரை, அதிகாரிகள் இந்த ஊருக்கு என்று எழுதி ஒரு பையோடு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு முதலில் கிடைத்த வேலை இந்தக் கண்ணாடிகளைத் துடைப்பது. வகுப்புக்குப் போக வழியில்லை. பெட்டிகளின் கீழே இருந்த குறிப்புகளைப் படித்துப் படித்துத்தான் ஜெர்மன் கற்றிருக்கிறார். அதனால் அவருடைய ஜெர்மன் பாதி மாட்டுச் சந்தை ஜெர்மன். குடியேற்ற அலுவலகத்தில் இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்கத் தெரியாமல், "எங்களை எவ்வளவு நேரம் கட்டி வைப்பீர்கள்?" என்று கேட்டாராம். அந்த அலுவலர் சிரித்துவிட்டு அவரை முதலில் கூப்பிட்டாராம்.

இதை அவர் சொன்னபோது நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, நான் பி-2 பரீட்சை எழுதித் தேறிய ஜெர்மனில் அந்த அலுவலகத்தில் கேட்ட எதற்கும் யாரும் சிரித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஒரு நாள் சதுக்கத்தில் ஒரு இளைஞன் சைக்கிளைச் சுவர் வளையத்தில் பூட்டிக்கொண்டிருந்தான். அக்கா நேரே போய், "அது கிடாரி கட்டும் வளையம். சைக்கிளுக்கு அங்கே கம்பி இருக்கிறது. நாங்கள் இதில் சைக்கிள் கட்டுவதில்லை" என்று ஜெர்மனில் சொன்னார். அவன் மன்னிப்புக் கேட்டு எடுத்துக்கொண்டு போனான். நான் தள்ளுவண்டியோடு பின்னால் நின்றேன். ரொட்டிக் கடைப் பெண்ணுக்கு நான் ஜெர்மனில் காலை வணக்கம் சொன்னால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லுவாள். ஆனால் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது பொறாமை என்று எனக்கே தெரியவில்லை. அந்த அக்காவுக்கு வரலாற்று முறை தெரியவில்லை என்ற கவலை என்றுதான் நினைத்தேன். நான் வரலாற்றில் முதுகலை. பட்டத்தை அங்கீகரிக்கக் கொடுத்த விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ஒரு கையால் கைபேசியைப் பிடித்து, பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க இணையத்தில் கற்றுக்கொண்டேன். மகள் ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டி நிறைய இருந்தன. படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. காப்பாளர் அம்மாள் எனக்கு வாரம் இரண்டு கடிதம் தருவார். சம்பளம் கிடையாது.

இந்த நிலையில்தான் மகளுடைய முதல் சொல் வந்தது. ஒன்றரை வயது தாண்டியும் அவள் பேசவில்லை. மருத்துவர், வீட்டில் இரண்டு மூன்று மொழி கேட்கும் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்றார். நான் ஒரு நோட்டு வைத்து, அவள் எழுப்பும் ஒலிகளையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுத் தெளிவாக, "நாம்பன்" என்றாள்.

நண்பன் என்று நான் புரிந்துகொண்டேன். ஈரோட்டுக்குப் போன் போட்டேன். "முதல் வார்த்தையே நண்பன்மா" என்றதும் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். விளையாட்டுக் குழுவில் எந்தக் குழந்தையோடு பழகுகிறாள் என்று விசாரித்தேன். யாரோடும் இல்லை என்றார்கள்.

புதன்கிழமை அருங்காட்சியகத்தில், மரத்தில் செதுக்கிய ஒரு இளங்காளையைக் காட்டி அவள் "நாம்பன்" என்றாள்.

"ஓம் குஞ்சு, நாம்பன். எங்கட நாம்பன்" என்றார் அக்கா, கண்ணாடியைத் துடைத்தபடியே.

"அக்கா, நாம்பன்னா என்னங்க?"

"காளைக் கண்டு பிள்ளை. உங்கட பக்கம் என்னெண்டு சொல்லுறனீங்கள்?"

அன்று நோட்டில் நண்பன் என்பதை அடித்துவிட்டு, நாம்பன், இளங்காளை என்று எழுதினேன். என் பிள்ளையின் வாயில் முதலில் விழுந்த சொல் என்னுடையது இல்லை. எனக்குத் தெரிந்த சொல்கூட இல்லை. அம்மாவிடம் இன்றுவரை திருத்திச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ஊர் தொடங்கிய விழா வந்தது. அந்த ஆண்டிலிருந்து அருங்காட்சியகத்தில் வழிகாட்டி ஒருவரை அரை நாள் வேலைக்கு எடுப்பதாக இருந்தார்கள். அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை யாரிடமும் நான் சரியாகச் சொல்லவில்லை. காலையில் மகளைக் கிட்டா என்கிற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, கழுத்தில் பெயர்ப் பட்டையோடு, எனக்குத் தெரிந்த ஒன்றைப் பேசும் இடத்துக்குப் போவது. அவ்வளவுதான். கனவு என்று சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் கனவிலேயே அந்தப் பட்டை வந்திருக்கிறது.

காப்பாளர் அம்மாளிடம் கேட்டபோது, "பேசுவதற்கு நம்மிடம் ஆள் இருக்கிறாரே" என்று அன்பாகச் சிரித்து, மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். "நீங்கள் கடிதங்களில் உதவுங்கள்."

கணவரிடம் சொன்னேன். "அவங்க அங்கயே முப்பது வருஷமா இருக்காங்கல்ல" என்றார் அவர்.

"அவங்க சொல்றதுல பாதி கதைங்க. எந்த லெட்டர்லயும் இல்ல."

"உனக்கு அவங்க மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல" என்றேன். அது பொய்யில்லை. கோபம் இல்லைதான்.

அக்காவுடைய கதைகளிலேயே எல்லாரும் விரும்பிக் கேட்பது ரயில் கதை. மகள் ஊருக்கு ரயில் நிலையமும் மாடு ஏற்றும் பட்டியும் வர வேண்டும். பக்கத்து ஊரும் கேட்கிறது. எங்கே மாடு அதிகம் என்று எண்ணிப் பார்க்க ஒரு அதிகாரி வருகிறார். இவர்களிடம் போதுமான மாடு இல்லை.

"காலமை கிழக்குப் பக்கம் மேய விட்டுக் காட்டினனாங்கள். பிறகு அவருக்குச் சாப்பாட்டைக் குடுத்து இருத்தி வைச்சிட்டு, அதே மாடுகளை மேட்டுக்குப் பின்னால சுத்திக் கொண்டுபோய், பின்னேரம் மேற்குப் பக்கம் நிப்பாட்டினனாங்கள். ஒரு பசுவுக்கு நெத்தியில வெள்ளைச் சுட்டி. அவளின்ர பேரே சுட்டி. அவளைக் கண்டு பிடிச்சிடுவாங்கள் எண்டு நெத்தியில சேத்தைப் பூசி விட்டனாங்கள். அந்த மனுசன் எண்ணி முடிச்சு, நாப்பது எண்டு எழுதிப்போட்டு, போகேக்க சொன்னாராம், 'அந்தச் சேத்து முகக்காரி என்னை முந்தியே தெரிஞ்ச மாதிரிப் பாக்கிறாள்' எண்டு."

இந்த இடத்தில் அவர் முதலில் சிரித்துவிடுவார். கேட்கிறவர்கள் பிறகுதான் சிரிப்பார்கள்.

விழா மாதத்தில் மகள் ஊரிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். தொப்பி போட்ட ஒரு வயதான மாட்டுப் பண்ணைக்காரர், அவர் மனைவி, இன்னும் சிலர். அக்கா ஜெர்மனில் சொல்ல, காப்பாளர் அம்மாள் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார். ரயில் கதை வந்தது. சுட்டியின் பெயரை அக்கா அப்படியே சொன்னார், காப்பாளரும் அப்படியே விட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பண்ணைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

அவருடைய மனைவி, "இது அந்தக் கடிதங்களில் இருக்கிறதா?" என்று கேட்டார். காப்பாளர் என் பக்கம் திரும்பினார். கடிதங்களைப் படித்தது நான்தானே.

இன்னும் எல்லாவற்றையும் படித்து முடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். நான் ஆங்கிலத்தில், தடையில்லாமல், எனக்கே பிடித்த ஒரு வேகத்தில் பேசினேன். கடிதங்களில் அப்படி எதுவும் இல்லை, நிலையத்துக்கு இவர்கள் நிலம் கொடுத்ததால்தான் ரயில் வந்தது, அது எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்பது உட்படச் சொன்னேன். கடைசியில், இது இங்கே சுத்தம் செய்யும் பெண்மணி சொல்லும் கதை, அவ்வளவுதான் என்றேன்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மொழி இருந்தது. அதை விட்டுவிட்டு அவருக்குத் தெரியாத மொழியில் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்தார், பிறகு வந்தவர்களின் முகங்களைப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது. பண்ணைக்காரர் மட்டும் நோட்டை மூடவில்லை.

அவர்கள் அடுத்த அறைக்குப் போனதும் அக்கா என் பக்கத்தில் வந்து, "என்ன பிள்ளை சொன்னனீங்கள் அவையளுக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா. வருஷம் எதுன்னு கேட்டாங்க."

"ஓம்" என்றார்.

பத்து நாளில் வேலை எனக்குக் கிடைத்தது. துல்லியம் முக்கியம் என்றார் காப்பாளர் அம்மாள். நான் கேட்டுப் பெறவில்லை, அவர்களாகத்தான் கொடுத்தார்கள் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். நேரில் சொல்வதுதான் முறை என்று அக்காவைத் தேடிப் போனேன். சமையலறையில் இஞ்சித் தேநீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவது யாருக்கு என்று கேட்கவில்லை. என் பக்கம் நகர்த்தினார்.

"கேள்விப்பட்டனான். நல்லது பிள்ளை. படிச்சதுக்கு ஒரு வேலை வேணும்தானே."

"அக்கா, அன்னைக்கு அவங்ககிட்ட நான்..."

"அம்மா சொன்னவ." காப்பாளரைத்தான் அப்படிச் சொல்வார். "நீங்கள் சொன்னது சரி. அது கடிதத்தில இல்லை. கூட்டிறவள் சொன்ன கதைதான்."

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எங்கட அப்பா செய்தது," என்றார். "வன்னியில. பால் லொறி எங்கட பக்கம் வரவேணுமெண்டா நாப்பது மாடு காட்டவேணும் எண்டாங்கள். அப்பாட்ட அவ்வளவு இல்லை. குளக்கட்டுக்குப் பின்னால சுத்திக் கொண்டுபோய்க் காட்டினவர். சுட்டிக்குச் சேறு பூசினது நான். அப்ப எனக்கு எட்டு வயசு."

"லாரி வந்துச்சா?"

"வந்திது. ஏழு வருசம் வந்திது. பிறகு சண்டை. நாங்கள் வெளிக்கிடேக்க மாடுகளையெல்லாம் அவிட்டு விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள்." கோப்பையைக் கழுவினார். "இஞ்ச இவ்வளவு மாட்டுக் கதை கண்ணாடிக்குள்ள பத்திரமாக் கிடக்கு. அதுக்குள்ள இதையும் ஒரு மூலையில வைச்சா ஆருக்கு என்ன எண்டு நினைச்சன். பிழைதான்."

பிழையில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வரலாறு படித்தவளுக்கு அது பிழை. தேநீரைக் குடித்தேன்.

அதன் பிறகு அவர் என்னிடம் முகம் திருப்பவில்லை. மகளுக்குக் கையில் பிஸ்கட் வைப்பதை நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் மாறியது. ஒரு பள்ளிக் கூட்டம் வந்திருந்த நாளில், ஒரு பையன் அந்த மரக் கப்பலைக் காட்டி அவரிடம் ஏதோ கேட்டான். "அவர்கள் கொண்டுபோன மாடுகள்" என்றார் ஜெர்மனில். "விவரத்துக்கு அந்த அம்மாவைக் கேள்" என்று என்னைக் காட்டினார்.

என்னிடம் தமிழில் பேசும்போதும் அப்படியே ஆகிவிட்டது. அவையள் வந்தவை, அவையள் கட்டினவை. நான் விரும்பியது இதைத்தானே. அறையே சில்லென்று ஆனதுபோல இருந்தது.

அந்த வாரமே இன்னொன்றும் தெரிந்தது. கிட்டாவிலிருந்து வரும் வழியில் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நாங்கள் கடைக்குப் போவம்" என்றாள்.

"யாரு? நீயும் அப்பாவுமா?"

"அம்மாவும்."

"அப்பன்னா 'நாம'ன்னு சொல்லணும். 'நாங்க'ன்னா அம்மா இல்லன்னு அர்த்தம்."

இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னதும் கணவர் சிரித்தார். "அவங்க தமிழ்ல ரெண்டும் ஒண்ணுதான். எங்க டீம்ல ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருக்காரே, எங்கிட்டயே 'எங்கட மேனேஜர் இண்டைக்கு வரேல்ல'ம்பார். முதல்ல எனக்கும் என்னடா இது, எனக்கு மேனேஜர் இல்லையான்னு இருந்துச்சு."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். எங்கட மாடு. எங்கட நாம்பன். வாங்கோ, இது நாங்கள் கொண்டுபோனது. மழையில் நனைந்து தள்ளுவண்டியோடு உள்ளே வந்தவளை, பெயர்கூடக் கேட்காமல், அவர் அந்த முதல் நாளே உள்ளே சேர்த்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு புதன்கிழமையும், என்னை வெளியே நிறுத்துவதாக நினைத்து நான் பொறாமைப்பட்ட அதே சொல்லால்.

இதைத் தெரிந்துகொண்டதும் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவ்வளவு எளிதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ள அவரால் முடிகிறதே என்று அது இன்னொரு பக்கம் திரும்பிக்கொண்டது.

அவரிடம் மன்னிப்புக் கேட்கப் பலமுறை சொற்களை அடுக்கினேன். கேட்டால் அது அவருக்காகவா, என் நிம்மதிக்காகவா என்று யோசித்து யோசித்து நாட்கள் போயின. அதற்குள் அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்து, ரூர் பக்கம் ஒரு பெரிய நகரத்துக்கு அவர் போய்விட்டார். போகும் நாளில் சாவிக் கொத்தை என் கையில் வைத்து, எந்தப் பெட்டியின் கீல் இறுகும், எதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொன்னார். வந்தவர்கள் இன்றும், "அந்த இன்னொரு பெண்மணி இல்லையா?" என்று கேட்கிறார்கள். நான் ஒரு சொல் தவறாமல் சொல்லி முடித்த பிறகுதான் கேட்பார்கள்.

இந்த வசந்தத்தில் மகள் ஊரிலிருந்து அருங்காட்சியகத்துக்கு ஒரு தபால் வந்தது. அவர்கள் தங்கள் ஊரின் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சிறு நூல் ஒன்று போட்டிருக்கிறார்கள். புரட்டிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றேன். ரயில் வந்த கதை, இரண்டு பக்கம். கிழக்கே ஒரு தரம், மேற்கே ஒரு தரம், நெற்றியில் சேறு. "எங்கள் முன்னோரின் நாற்பது மாடுகள்" என்று அச்சாகியிருந்தது. பசுவின் பெயர் சுட்டி என்றும், அது தாய் ஊரின் பழைய வட்டாரச் சொல்லாக இருக்கலாம் என்றும் அடிக்குறிப்பு. கூடவே பண்ணைக்காரரின் கடிதம்: அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன, சரியாக எழுதியிருக்கிறோமா, அருங்காட்சியகம் உறுதிசெய்ய முடியுமா? கடைசியில், கடிதத்தில் இல்லையென்று அன்று சொன்னீர்கள், ஆனால் மாடு வளர்க்கிற எவனும் இதைத்தான் செய்திருப்பான் என்று எழுதியிருந்தார்.

உறுதிசெய்ய வேண்டியது நான். மறுப்புக் கடிதம் ஒன்றை எழுதினேன், அழித்தேன், இன்னும் மென்மையாக எழுதினேன். முப்பது ஆண்டு கண்ணாடி துடைத்த ஒருவருடைய அப்பாவின் மாடுகள், கடல் தாண்டி இன்னொரு ஊரின் வரலாற்றில் போய் நின்றுகொண்டிருக்கின்றன. வரலாற்றில் பட்டம் வாங்கிய எனக்கு எந்த ஊரின் புத்தகத்திலும் ஒரு அடிக்குறிப்புகூட இல்லை. என் மறுப்புக் கடிதம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. மூடிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் போனபிறகு நான் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஆர், பிள்ளையே? குஞ்சு சுகமோ?"

அந்த இரண்டு பக்கத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். அடிக்குறிப்பையும் படித்தேன். பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. அவர் அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. படித்து முடித்தேன். நான் அன்று சொன்னதற்கெல்லாம் இப்போது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எத்தினை மாடு எண்டு போட்டிருக்கினம்?"

"நாப்பது."

"பிழை. நாப்பது அவன் எண்ணினது. அப்பாட்ட இருந்தது இருபது. புத்தகத்தில போடுறதெண்டா சரியாப் போடவேணும். திருத்தச் சொல்லி எழுதுங்கோ."

"எழுதறேன்க்கா. ஆதாரம் கேப்பாங்களே?"

"பேர் சொன்னாப் போதுமோ?"

"எது பேரு?"

"மாடுகளின்ர."

பேனாவை எடுத்தேன். அவர் நிதானமாக, பட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே விடுவதுபோலச் சொன்னார். சுட்டி, கறுப்பி, வெள்ளைச்சி, மயிலை, குட்டைக் கொம்பி, மொட்டைவாலி. ஒவ்வொன்றையும் எழுதி எண் போட்டேன். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று இரண்டை மறுபடி கேட்டேன். அவர் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி சொன்னார். பத்தொன்பதில் நின்றது.

"பொறுங்கோ பிள்ளை," என்றார். "அவள் எப்பவும் பின்னுக்குத்தான் வருவாள்."

நான் இருபது என்று எண் போட்டுவிட்டுப் பேனாவைத் தாளிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ வாசல் மணியை அடித்தார்கள். நான் சுற்றிக் காட்ட வேண்டிய பதினொரு மணிக் குழு. எழுந்து போகவில்லை.